பயப்பட வேண்டியது யாரைப் பார்த்து?

கேள்வி: 'அகேசியா' என்ற கொரியத் திகில் படத்தில், தத்தெடுத்த சிறுவன் வந்தபின் ஒரு குடும்பமே சீரழிவதாகக் காட்டுகிறார்கள். இத்தகைய படங்கள் தத்தெடுக்க நினைப்பவர்களை மிரட்டி விலகச் செய்யாதா?

பதில்: அந்த வீட்டைக் கெடுத்தது யார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பாருங்கள். பார்க் கி-ஹ்யோங் 2003-இல் இயக்கிய இப்படத்தில், குழந்தையில்லாத தம்பதியர் அந்தச் சிறுவனை விரும்பித்தான் அழைத்து வருகிறார்கள். அவன் வரைந்த மரத்தின் ஓவியம் மனைவியின் மனத்தை அப்படிக் கவர்ந்துவிடுகிறது. இறந்துபோன தன் தாய் மரமாகிவிட்டாள் என்று நம்பும் அவன், தோட்டத்தில் பட்டுப்போய் நிற்கும் அகேசியா மரமே கதியென்று கிடக்கிறான். தம்பதியருக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் அவனுக்கு அங்கிருந்த இடம் சுருங்கத் தொடங்குகிறது. பிறகு அவன் காணாமல் போகிறான். பட்ட மரம் பூத்துக் குலுங்குகிறது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். காரணத்தை, படம் பார்க்காத வாசகர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். ஆனால் பார்த்துவிட்ட நீங்கள் குற்றத்தைச் சிறுவன் தலையில் கட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கொரியாவில் இப்படியொரு கதை பிறந்ததற்கு வலுவான காரணம் உண்டு. இரத்த உறவையே குடும்பத்தின் அடித்தளமாகக் கருதிய அச்சமூகத்தில், தத்தெடுத்தவர்கள் பலர் அதை ஊருக்கும் உறவுக்கும், சில வேளைகளில் அந்தக் குழந்தைக்குமே மறைத்து, தாங்கள் பெற்ற பிள்ளையென்றே குடும்பப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். முகமைகள் வழியாகத் தத்தெடுப்பதற்கு நீதிமன்ற அனுமதி கட்டாயமானதே 2012-இல்தான். கொரியப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் 1,40,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டார்கள். 1985-ஆம் ஆண்டில் மட்டும் 8,800-க்கும் அதிகம். அவர்களில், பெற்றோர் உயிரோடிருந்தும் அநாதைகள் என்று பொய்யாகப் பதிவு செய்யப்பட்டவர்களும் உண்டு என்பதை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் அறிவித்தது. அந்தப் பதிவேடுகளைத் திருத்தி எழுதியவர்கள் அனைவரும் பெரியவர்களே.

இப்படத்தைப் பார்த்து ஒருவர் தத்தெடுக்கத் தயங்கினால், எதற்காகத் தயங்குகிறார் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். எப்படிப்பட்ட பிள்ளை வந்து வாய்க்குமோ என்ற அச்சத்துக்கு இந்தக் கதையில் ஆதாரம் எதுவும் இல்லை. நாளை எங்களுக்கே ஒரு குழந்தை பிறந்தாலும் இவன்தான் எங்கள் மூத்த மகன் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்ல முடியுமா என்ற தயக்கமானால், அது விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே வந்திருக்க வேண்டியது.