டச்பேடில் ஸ்க்ரோல் ஏன் தலைகீழாக ஓடுகிறது?

புது லேப்டாப்பில் இரண்டு விரலைக் கீழே இழுத்தால் பக்கத்தின் மேல்பகுதி வருகிறதா? அதற்குப் பெயர் நேச்சுரல் ஸ்க்ரோலிங், அதாவது விரல் போகும் பக்கமே எழுத்தும் நகரும்.

மாமாக் கடை மேசையில் பேப்பரை விரித்துப் படிக்கும்போது அடியில் உள்ள செய்திக்குப் பேப்பரை மேலே தள்ளுவீர்கள் இல்லையா, அதே கதைதான். பழைய முறையில் விரல் தள்ளுவது ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரோல் பாரை, அது கீழே இறங்க இறங்க எழுத்து மேலே ஏறும். கைப்பேசிப் பழக்கத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று 2011இல் ஆப்பிள் தன் மேக்கில் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கையே இயல்பாக்கியது.

மாற்ற வேண்டுமா? விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், ஸ்க்ரோல் அண்ட் ஜூம் என்று போய் 'டவுன் மோஷன் ஸ்க்ரோல்ஸ் டவுன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் செட்டிங்ஸில் டிராக்பேட் பகுதிக்குப் போய் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கை அணைத்தால் சரி, ஆனால் மவுஸும் சேர்ந்தே மாறிவிடும், அது கொஞ்சம் எரிச்சல்தான். எனக்கென்னவோ மாற்றாமல் சில நாள் பழகிப் பார்ப்பதே மேல்.

அப்புறம், டச்பேட் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.