மில்லிகன்ஸ் பெண்ட் துறைச் சண்டை: கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போர், அதாவது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் (தெற்கு) அமெரிக்க அரசுக்கும் (வடக்கு) நடந்த போர். அதில் 1863 ஜூன் 7 அன்று மிசிசிப்பி ஆற்றின் ஒரு படகுத்துறையில், துப்பாக்கி கைக்கு வந்து சில நாளே ஆன முன்னாள் அடிமைகள் வடக்கின் பக்கம் நின்று சண்டை போட்டார்கள். போன வாரம் அதைப் பற்றிச் சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சார், இந்த ஊர் எங்கே இருக்கிறது? அங்கே எதற்குச் சண்டை? (மாணவர், கோவை)

லூசியானா மாநிலம், மிசிசிப்பியின் மேற்குக் கரை. விக்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனால் சுமார் 24 கி.மீ. ஆறு வளைந்து திரும்பும் இடம் என்பதால் 'பெண்ட்'. நீராவிப் படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கும் துறை அது. வடக்கின் ஜெனரல் கிராண்ட், தெற்கின் கையிலிருந்த விக்ஸ்பர்க்கைப் பிடிக்கக் கிளம்பியபோது தானியம், வெடிமருந்து, மருத்துவக் கூடாரம் எல்லாவற்றையும் அங்கேதான் குவித்து வைத்தார்.

மே மாதம் அவர் படை அக்கரைக்குப் போய் நகரத்தை முற்றுகையிட்டது. கிராண்டின் சரக்குப் பாதையை அறுத்தால் நகரம் தப்பும் என்று தெற்குத் தரப்பு கணக்குப் போட்டது. ஆனால் சரக்கு அதற்குள் யாசூ ஆற்றுப் பக்கமாகப் போகத் தொடங்கிவிட்டது. அறுக்க வந்தவர்களுக்கு அறுக்க அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

இரு பக்கமும் எத்தனை பேர்? (திருச்சி வாசகர்)

தெற்கில் ஜெனரல் மெக்கலக்கின் டெக்சாஸ் படை, சுமார் 1,500 பேர். வடக்கில் கர்னல் ஹெர்மன் லீப் தலைமையில் சுமார் 1,100 பேர். இதில் 23வது அயோவா படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் வெள்ளையரைத் தவிர மற்ற சிப்பாய்கள் எல்லோரும் கருப்பினத்தவர்: 9, 11, 13வது லூசியானா, 1வது மிசிசிப்பி படைப்பிரிவுகள்.

தோட்டத்தில் அடிமையாக இருந்தவர்கள் எப்படி ராணுவத்துக்கு வந்தார்கள்? (ஆசிரியை, சேலம்)

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கருப்பினத்தவரைப் படையில் சேர்க்க வழி திறந்துவிட்டது. ஏப்ரலில் ஜெனரல் லோரன்சோ தாமஸ் மிசிசிப்பிக் கரைக்கே வந்து ஆள் சேர்த்தார். சுற்றுவட்டாரப் பருத்தித் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் சேர்ந்தார்கள். அதிகாரிகள் வெள்ளையர். சம்பளத்திலும் பாகுபாடு: வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கருப்பினச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் அமெரிக்க காங்கிரஸ் இதைச் சமமாக்கியது.

சண்டை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் ஐயா. (மதுரை, சென்னையிலிருந்து இருவர்)

முதலில் இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மண்கரை, வெள்ளம் தோட்டங்களுக்குள் புகாமலிருக்கக் கட்டியது. அதன் மேல் பருத்திப் பொதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கரைக்கு முன்னால் அடர்ந்த முள்வேலிகள். முதுகுக்குப் பின்னால் ஆற்றங்கரை, அதற்குப் பிறகு தண்ணீர். ஓடுவதென்றாலும் ஓட இடமில்லை.

டெக்சாஸ்காரர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலேயே நடந்து, விடியுமுன் வந்து சேர்ந்தார்கள். முள்வேலியின் இடைவெளிகளில் புகுந்து வரும்போது வரிசை கலைந்தது. முதல் சுற்றுச் சூட்டில் அவர்கள் தடுமாறவும் செய்தார்கள். ஆனால் அன்றைய துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, குழாய்க்குள் கோலால் இடித்து, பொறி எழுப்பும் சிறு மூடியை மாட்டிய பிறகுதான் சுட முடியும். பழகியவன் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான். கரையில் நின்ற புதுச் சிப்பாய்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. இரண்டாம் சூட்டுக்குத் தயாராவதற்குள் எதிரி கரைமேல் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியும் துப்பாக்கிக் கட்டையும்தான்.

9வது லூசியானாவின் கேப்டன் மில்லர் மூன்று நாள் கழித்து ஊருக்கு எழுதிய கடிதத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். இரண்டு இடங்களில் இன்னமும் நின்றுவிடுவேன். அவருக்குச் சமைத்துப் போட்ட ஒரு பையன், எதிரி வருவதைப் பார்த்ததும் தனக்கும் ஒரு துப்பாக்கி கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். கரையைத் திரும்பப் பிடித்தபோது ஒரு குண்டுக் காயம், இரண்டு கத்திக் குத்துகளோடு கிடந்தான். இன்னொருவன், சண்டைக்கு முந்தின நாள்தான் துப்பாக்கி வாங்கிய புது ஆள். இறந்து கிடந்தபோதும் பிடி தளரவில்லை. அவன் துப்பாக்கியின் கத்தி மூன்று துண்டாக உடைந்திருந்தது.

வடக்குப் படை ஆற்றங்கரைக்குப் பின்வாங்கியது. அங்கே 'சாக்டா' என்ற பீரங்கிப் படகு நின்றது. கரை உயரம், படகிலிருப்பவர்களுக்கு எதிரி தெரியவில்லை. கரையில் நின்றவர்கள் திசை காட்டக் காட்ட, அதன் பெரிய பீரங்கிகள் சுட்டன. பிறகு 'லெக்சிங்டன்' படகும் வந்தது. மெக்கலக் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பருத்திப் பொதியைக் குண்டு துளைக்காதா? (தூத்துக்குடி)

இறுக்கி அழுத்திய பொதி ஒவ்வொன்றும் இருநூறு கிலோ கனம் இருக்கும். சிப்பாய்களின் துப்பாக்கிக் குண்டு அதற்குள்ளேயே அமுங்கிவிடும். வடக்கின் கடல் முற்றுகையால் விற்க வழியில்லாமல் அங்கே பருத்தி தேங்கிக் கிடந்தது. லங்காஷயர் ஆலைகளுக்கு அந்தப் பஞ்சு வராமல் போனதால்தான், உங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்திக்கு அந்த வருடங்களில் விலை எகிறியது.

பீரங்கிப் படகுதானே காப்பாற்றியது? கருப்பினப் படையின் வெற்றி என்பது மிகையில்லையா? (பெங்களூர் வாசகர்)

நியாயமான கேள்வி. படகு இல்லாவிட்டால் துறை பறிபோயிருக்கும். வடக்குத் தரப்பின் இழப்பு 652 பேர்: 101 பேர் சாவு, 285 பேர் காயம், 266 பேர் சிறைப்பட்டோர் அல்லது காணாமல் போனவர்கள். தெற்கின் இழப்பு 185. எண்ணிக்கையைப் பார்த்தால் யாரும் இதை வெற்றி என்று கொண்டாட முடியாது.

ஆனால் படகின் பீரங்கி கரையில் ஆள் நின்றால்தான் உதவும். அவர்கள் நின்றார்கள். இதற்கு எதிரியே சாட்சி. கருப்பினத்தவர் பிடிவாதமாக எதிர்த்தார்கள், வெள்ளையர்தான் அடிபட்ட நாயைப் போல ஓடினார்கள் என்று மெக்கலக் தன் அறிக்கையில் எழுதினார். அயோவாக்காரர்களைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்தச் சிறு பிரிவும் ஏராளமான பேரை இழந்தது. ஆனால் அடிமை முறையைக் காக்கப் போராடிய ஒரு ஜெனரல், தான் இழிவாக நினைத்தவர்களின் உறுதியை எழுதி வைக்க வேண்டி வந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள்? (யாழ்ப்பாண வாசகி)

தெற்குத் தரப்பு கருப்பினச் சிப்பாய்களைப் போர்க்கைதிகளாக மதிக்கவில்லை. அடிமைகளின் கிளர்ச்சி என்றுதான் பார்த்தது. மேலதிகாரி கிர்பி ஸ்மித், ஜூன் 13 அன்று தனக்குக் கீழிருந்த ஜெனரல் டெய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஆயுதம் ஏந்திய கருப்பினத்தவரை உயிரோடு பிடிக்காமலிருப்பதே நல்லது என்ற பொருளில் குறிப்பிட்டார். கைதிகளைத் தூக்கிலிட்டதாகச் செய்தி வந்ததும் டெய்லரிடம் கிராண்ட் விளக்கம் கேட்டார், டெய்லர் மறுத்தார். ஜூலை 30 அன்று லிங்கன், கைதிகளைக் கொன்றாலோ அடிமையாக்கினாலோ பதிலடி உண்டு என்று ஆணை போட்டார்.

இதனால் எதாவது மாறியதா? (மாணவி, தஞ்சாவூர்)

மாறியது. போர்த்துறையின் சார்பில் கிராண்டின் முகாமில் இருந்த சார்லஸ் டானா, கருப்பினப் படைகளைப் பற்றி ராணுவத்துக்குள் இருந்த எண்ணத்தையே இந்தச் சண்டை புரட்டிப் போட்டுவிட்டது என்று பதிவு செய்தார். போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 கருப்பினத்தவர் ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள்.

அந்த இடத்தை இப்போது போய்ப் பார்க்கலாமா? (டல்லாஸ் தமிழர்)

ஆறு தடம் மாறியதில் போர்க்களத்தின் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விட்டது. நீங்கள் காரில் போகிற தூரம்தான், விக்ஸ்பர்க் தேசிய ராணுவப் பூங்காவுக்குப் போங்கள். 2004இல் திறந்த ஒரு வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. 1வது, 3வது மிசிசிப்பி கருப்பினப் படைப்பிரிவுகளுக்கானது. மூன்று உருவங்கள்: ஒரு சிப்பாய், ஒரு தோட்டத் தொழிலாளி, இருவரும் தாங்கிப் பிடித்திருக்கும் ஒரு காயம்பட்ட சிப்பாய்.