பண்ணையத்து ஆள் பெயர்

கேள்வி: எங்களுக்கு மகன் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மண்வாசனையோடு, இயற்கை சார்ந்த பெயராக இருக்கட்டும் என்று 'மருதன்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தோம். என் மாமியார், "தோட்டத்துல பண்ணையத்துக்கு வர்ற ஆளுங்க பேரு மாதிரி இருக்குது" என்று பிடிவாதமாக மறுக்கிறார். 'ஷ்' என்று முடியும்படி ஏதாவது வைக்கச் சொல்கிறார். எண்கணிதம் பார்ப்பவரோ கூட்டுத்தொகை 5 வர ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு 'ஏ' போடச் சொல்கிறார். இத்தனைக்கும் என் கணவரின் தாத்தா பெயர் மருதாசலம். உங்கள் கருத்து என்ன?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நல்ல பெயர். தாராளமாக வையுங்கள்.

மாமியார் சொன்னதை மட்டும் அப்படியே விட்டுவிட முடியவில்லை. மருதாசலம் என்றால் மருதமலை முருகன். கை தானாகக் கும்பிடுகிறது. அதே மருதத்தில் சாமியை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்தால் பண்ணையத்து ஆள் ஆகிவிடுகிறதா? கோவைப் பக்கம் மருதாசலம் என்ற பெயரில் தோட்டம் வைத்திருந்தவர்களும் உண்டு, அந்தத் தோட்டத்தில் ஏர் ஓட்டியவர்களும் உண்டு. சாமி இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்தார்.

அத்தையை வாயடைக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மதுரைக்காஞ்சியின் 782 அடிகளைப் பாடியவர் மாங்குடி மருதனார். வெள்ளைக்காரன் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும். திருவிடைமருதூரில் தலமரமே மருதுதான். இத்தனையும் சொன்னால் அத்தை ஒருவேளை இறங்கி வருவார். ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. புலவரும் வீரரும் வைத்துக்கொண்ட பெயர், அதனால் கௌரவமானது என்று சொன்னால், அவர் சொன்னதை நாமும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். மருதனார் பாட்டே எழுதாமல், வாழ்நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தப் பெயர் உங்கள் பிள்ளைக்கு ஆகாதா?

ஆண்பிள்ளைக்கு இயற்கைப் பெயர் என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். கதிரவன், ஆதவன், முகிலன், நிலவன். எல்லாம் மேலே இருப்பவை, கையில் ஒட்டாதவை. தரையில் கிடந்த காடனும் மண்ணாங்கட்டியும் குப்பனும் ஏழை வீடுகளோடு நின்றுவிட்டன. அவற்றில் சில, அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், இதுவாவது தங்கட்டும் என்று பயந்து வைத்த பெயர்கள். சில, 'உனக்கெல்லாம் எதுக்குடா அவ்வளவு பெரிய பேரு' என்று மேலே இருந்தவர்கள் கேட்டதால் ஒட்டிக்கொண்டவை. 'குப்பன் சுப்பன்' என்று இன்றும் கூசாமல் சொல்கிறோமே, அந்தப் பேச்சின் மிச்சம்தான் உங்கள் மாமியார் வாயில் வந்தது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'ஷ்' தேடும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பயம்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்களுக்கும் கொஞ்சம். மண்வாசனை, மண்வாசனை என்கிறீர்களே, மருத மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரெட்டு பவானி ஆற்றங்கரைக்குப் போனால் நீர்மருதுகள் நிற்கும். வெளிறிய வழவழப்பான அடிமரம், ஏடு ஏடாக உரியும் பட்டை. அந்தப் பட்டையைத்தான் நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை என்று நெஞ்சு நோய்க்குக் கஷாயம் போடக் கொடுக்கிறார்கள். பையனுக்கு நடக்கத் தெரிந்ததும் ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் 'மருது' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இதைவிட மோசமாகச் சுருங்கும் பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன.

எண்கணிதக்காரரைப் பற்றி ஒரே வரி: மண்வாசனைக்குக் கூட்டுத்தொகை கிடையாது.

ஆனால் ஆங்கில எழுத்து விஷயத்தில் நிஜமாகவே ஒரு வேலை இருக்கிறது. 'த'வுக்கு 'th' போடுவதா, 'dh' போடுவதா என்று இப்போதே இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால், பிற்காலத்தில் அலுவலகம் அலுவலகமாக அலையப் போவது அந்தப் பையன்தான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. அத்தையோடு பேசி முடிக்க அவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன். தன் மாமனார் பெயரில் பாதியைப் பேரனுக்கு வைக்க மாட்டேன் என்று அவர் எத்தனை நாள்தான் சொல்வார்?