ஹெச்.பி.யா டார்க்கா, விமானத்தை இழுக்கிறது எது?

கேள்வி: சார், செஸ்னா 172எஸ் குட்டி விமானத்துல 5.9 லிட்டர் இன்ஜின் இருந்தும் 180 ஹெச்.பி. (குதிரைத் திறன்) தான். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ்ங்கற விமான இன்ஜின் 1.35 லிட்டர்லயே 100 ஹெச்.பி. குடுக்குது. அப்போ செஸ்னாவுக்கு டார்க் (சுத்துற விசை) ஜாஸ்தி, அதனாலதான் நல்லா இழுக்குதா?
– கல்லூரி மாணவர் ஒருத்தர்

பதில்: தம்பி, டார்க்கை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தா குழப்பம்தான் மிஞ்சும். கியர் வச்சா டார்க்கை கூட்டிக்கலாம், ஹெச்.பி.யை கூட்ட முடியாது. செஸ்னா 2700 ஆர்.பி.எம்.ல (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) 180 ஹெச்.பி., கணக்கு போட்டா டார்க் 475 நியூட்டன் மீட்டர் கிட்ட வரும். ரோட்டாக்ஸ் 5800ல சுத்தி வெறும் 120 சொச்சம்தான், ஆனா அதுல 2.43 மடங்கு வேகத்தை குறைக்கிற கியர்பாக்ஸ் இருக்கு, அதனால ப்ரொப்பெல்லர்கிட்ட போகும்போது அது 300 பக்கம் ஆயிடும், ஆர்.பி.எம். 2400க்கும் கீழ இறங்கிடும். இந்த கியர்பாக்ஸ் இல்லாம 1.7 மீட்டர் ப்ரொப்பெல்லரை நேரா மாட்டினா அதோட நுனி செகண்டுக்கு 500 மீட்டருக்கு மேல போகும், ஒலியோட வேகமே 340 தான், சத்தம் மட்டும் காதை கிழிக்கும், இழுவை தேறாது.

இழுவை, அதாவது த்ரஸ்ட், ஒரு ஹெச்.பி.க்கு இத்தனை கிலோன்னு நிலையா வராது. அதே ஹெச்.பி.ல விமானம் வேகமா போகப் போக த்ரஸ்ட் குறையும். செஸ்னா 75 சதவீத பவர்ல 124 நாட் (மணிக்கு 230 கி.மீ. கிட்ட) போகுதுன்னு வைங்க, ப்ரொப்பெல்லர் 80 சதவீதம் ஒழுங்கா வேலை செஞ்சாலும் த்ரஸ்ட் 130 கிலோ பக்கம்தான், 1157 கிலோ வரைக்கும் எடை இருக்கிற விமானத்துக்கு அது போதும்ங்கறதுதான் எனக்கு இன்னைக்கும் அதிசயம்!

ப்ரொப்பெல்லர் பெருசா மெதுவா சுத்தினா அதே பவருக்கு நின்ன இடத்துல த்ரஸ்ட் எகிறும். ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் 131 ஹெச்.பி.லயே 622 கிலோவை நேரா மேல தூக்குது, காரணம் 7.67 மீட்டர் ரோட்டார்.

இன்னொன்னு, 172எஸ்-ல பிட்ச், அதாவது பிளேடோட சாய்வு, மாறாத ப்ரொப்பெல்லர். பிரேக்கை புடிச்சுக்கிட்டு முழு த்ராட்டில் குடுத்தாலும் ஆர்.பி.எம். மீட்டர் 2300லிருந்து 2400க்குள்ளதான் நிக்கும், 2700ஐ தொடாது, அதனால டேக்ஆஃப் ஆரம்பத்துல அந்த 180 ஹெச்.பி. முழுசா கிடைக்கிறதே இல்ல. வேகம் ஏற ஏற த்ராட்டிலை தொடாமலே முள்ளு மேல போகும். பிட்ச் கம்மியான ப்ரொப்பெல்லர் மாட்டினா கிளம்பறதும் ஏறறதும் நல்லா இருக்கும், க்ரூஸ் வேகம் (மேல சீரா பறக்குற வேகம்) அடி வாங்கும். ரெண்டும் வேணும்னா, ஆர்.பி.எம். மாறாம இருக்க பிட்சை தானே மாத்திக்கிற கான்ஸ்டன்ட் ஸ்பீட் ப்ரொப்பெல்லர்தான், விலையும் எடையும் கூடும்.