சங்கு ஊதாத காலையில் ஒரு சைக்கிள்

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் 33 வருடம் வேலை பார்த்தேன். வீடு திருவானைக்காவலில். போக 9, வர 9 கிலோமீட்டர், எல்லாம் சைக்கிளில்தான். போன வருடம் ஓய்வு பெற்றேன். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் பையன். எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் விடிகாலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “எங்க சார், இவ்வளவு காலையில?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்தவன், கடைசியில் பணிமனை கேட் முன்னால் போய் நின்றேன். வேலைவெட்டி இல்லாமல் இந்த வயதில் சைக்கிள் ஓட்டுவது சரியா? முழங்கால் வேறு லேசாக வலிக்கிறது. கியர் சைக்கிள் வாங்கினால் தேவலையா?
- ஒரு வாசகர், திருவானைக்காவல்

பதில்: அன்புள்ள ஐயா,

கேட் முன்னால் போய் நின்றேன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். நாளுக்கு 18 கிலோமீட்டர், வருடத்துக்கு 280 நாள் என்று வைத்தாலே 33 வருடத்தில் 1,66,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பூமியை நாலு சுற்றுச் சுற்றி வந்த தூரம் அது. அத்தனையும் ஒரே சாலையில், சங்கு ஊதுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்ற பதைப்பில் ஓட்டியது. கால் பழகிய வழியில் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சைக்கிளை இரும்புக்குப் போடாதீர்கள். தாராளமாக ஓட்டுங்கள்.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருடமும் காவிரிப் பாலத்தை நாளுக்கு இரண்டு தடவை கடந்திருப்பீர்கள். நடுப்பாலத்தில் இறங்கி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது எத்தனை தடவை? நானும் அச்சகத்துக்குப் பதினோரு வருடம் சைக்கிளில் போனவன். வேலை மாறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். போன வேகத்தில் முக்கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி வீடு திரும்பிவிட்டேன். “வழியில என்னப்பா பார்த்தே?” என்று அம்மா கேட்டார். ஒன்றுமே நினைவில் இல்லை. அடுத்த வாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். ஒரு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, நாரை ஒன்று ஒற்றைக் காலைத் தூக்கித் தண்ணீரில் அலுங்காமல் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சைக்கிள் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வேகமாகப் போய்ச் சேர உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் நிற்பதைத்தான் இனிமேல் பழக வேண்டும்.

பழகுவதற்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்தே நல்ல சாலை இருக்கிறது. பாலத்துப் பக்கம் திரும்பாமல் கிழக்கே போங்கள். பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை வரைக்கும் சுமார் 15 கிலோமீட்டர். வலப்பக்கம் காவிரி கூடவே வரும், இடப்பக்கம் வாழைத் தோட்டங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம். முதல் நாளே கல்லணை வேண்டாம். உத்தமர்சீலி வரை போய்த் திரும்பினால் போதும். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கிற வருடங்களில், மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அந்த வாரம் அவசியம் போங்கள். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வருவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆடியில் மட்டும் கவனம். போகும்போது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ‘அட, நமக்கு இன்னும் தெம்பு இருக்கே’ என்று தூரத்தைக் கூட்டிவிடுவோம். திரும்பும்போது முழுக்க எதிர்காற்று. அம்மியைப் பறக்கவிடுகிற காற்று நம்மை மட்டும் சும்மா விடுமா? அந்த மாதத்தில் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். வீக்கம் இருந்தாலோ, படி ஏறும்போதும் வலித்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓட்டும்போது மட்டும்தான் வலி என்றால், சீட் தாழ்வாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சிக்னலில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று நம்மில் பலர் சீட்டை இறக்கியே வைத்திருப்போம். முழங்கால் அதிகமாக மடங்கி, எல்லாப் பளுவும் அங்கே விழும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு மிஞ்சும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக ஏற்றாமல், வாரத்துக்கு ஒரு விரல்கடை அளவு ஏற்றுங்கள்.

கியர் சைக்கிள் இப்போதைக்குத் தேவையில்லை. உங்களுடையது பழைய 28 அங்குல வண்டியாகத்தான் இருக்கும். அதில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். எதிர்காற்றில் அது கனம். பின்னால் இருக்கும் பல்சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, 22 பல் உள்ளதாக மாற்றிப் போட்டால் 4.4 மீட்டர்தான் நகரும். மிதி இலேசாகிவிடும், முழங்காலும் பிழைக்கும். செயினில் ஓரிரண்டு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். அதோடு ஒரு முழு ஓவராயில். இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பால்ஸ் மாற்றி, புது கிரீஸ் வைத்து, பிரேக் கட்டையையும் மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பணிமனையில் இருந்தவர் நீங்கள், அந்த வேலையைப் பார்ப்பதே உங்களுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘ப்ரெவே’ என்று ஒரு நெடுந்தூர ஓட்டம் நம் ஊர்களிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. மணிக்கு 15 கிலோமீட்டர், அதுவும் டீ குடிக்க நிற்கிற நேரத்தையும் சேர்த்து. உங்களை நாளைக்கே அதற்குப் போகச் சொல்லவில்லை. வேலைக்காக இல்லாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நரைத்த தலைகளும் சேர்த்து, நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளம்பும்போது கேரியரில் ஒரு காற்றடிக்கும் பம்பும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். டீக்கடைக்காரர் கேட்டால் அவரிடமும் “உத்தமர்சீலி வரைக்கும்” என்று சொல்லுங்கள். ‘அங்கே என்ன வேலை?’ என்று அடுத்த கேள்வி வந்தால், ஒரு நாள் அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.