வாசகர் கேள்வி – பதில்: கிரான் டூரிஸ்மோ 7இல் கிரெடிட் சேர்ப்பதும் செலவழிப்பதும்

பிளேஸ்டேஷனில் 'கிரான் டூரிஸ்மோ 7' கார் ரேஸ் கேம் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கிரெடிட் என்பது கேமுக்குள் புழங்கும் பணம்.

யூடியூபில் பார்த்து 'ஃபிஷர்மன்ஸ் ரான்ச்' மண் பாதை ரேஸையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன். வீடியோவில் ஒரு ரேஸுக்கு 97,500 கிரெடிட் விழுகிறது. எனக்கு அதில் பாதிகூட வருவதில்லை. செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும்?
– ஈரோடு வாசகர்

செட்டிங்கில் ஒன்றும் கோளாறு இல்லை. நீங்கள் பார்த்தது அரதப்பழசான வீடியோ. கேம் வெளிவந்தது 2022 மார்ச் 4. அதே மாதம் வந்த 1.07 அப்டேட்டில் அந்த ரேஸின் முதல் பரிசை 65,000இலிருந்து 30,000ஆக வெட்டிவிட்டார்கள். யாரையும் எதையும் இடிக்காமல் ஓட்டினால் கிடைக்கும் 'க்ளீன் ரேஸ் போனஸ்' பரிசில் பாதி. ஆக 65,000 அன்று 97,500 ஆனது, 30,000 ஆனபின் 45,000தான். உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய பிறகு ஏப்ரலில் 1.11 அப்டேட் வந்தது. பெரிய ரேஸ்களின் பரிசை ஏற்றி, பர்ஸில் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பையும் 2 கோடியிலிருந்து 10 கோடியாக்கினார்கள்.

ரான்சை விட்டுவிடுங்கள். மெனு புக் (கேம் வரிசையாகத் தரும் இலக்குப் பட்டியல்) 39 வரை முடித்தவர்களுக்கு மூன்று ரேஸ் போதும். டோக்கியோ எக்ஸ்பிரஸ்வேயில் 'டபிள்யூடிசி 600' (வேர்ல்டு டூரிங் கார்), 12 லேப். ல மான்ஸில் 'டபிள்யூடிசி 700', 30 நிமிடம். இரண்டிலும் போனஸோடு 8 லட்சத்து 25 ஆயிரம். ஸ்பாவில் 'டபிள்யூடிசி 800', ஒரு மணி நேரம், போனஸோடு 15 லட்சம். தொகை ஸ்பாவில்தான் பெரிது. நிமிடக் கணக்குப் போட்டால் ஸ்பாவில் 25,000, ல மான்ஸில் 27,500. டோக்கியோவை 27 நிமிடத்துக்குள் முடிக்கிறவருக்கு நிமிடத்துக்கு 30,000க்கு மேல். ஆனால் டோக்கியோவில் இரண்டு பக்கமும் சுவர். அந்தக் கதை கீழே.

இன்னும் மெனு புக்கிலேயே இருப்பவர்கள் லைசென்ஸ் தேர்வுகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு லைசென்ஸிலும் 10 தேர்வு. பத்திலும் வெண்கலம் எடுத்தாலே ஒரு கார் சும்மா வருகிறது, பத்திலும் கோல்டு என்றால் இன்னொன்று.

டோக்கியோவில் ஜெயித்தாலும் க்ளீன் போனஸ் போய்விடுகிறது. 5,50,000தான் கையில் நிற்கிறது.
– மதுரை வாசகர்

அநேகமாக முதல் இரண்டு லேப்பிலேயே போனஸ் போயிருக்கும். எதிராளிகள் எல்லோரும் முன்னால் போகிறார்கள், அவர்களை ஒரே லேப்பில் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வளைவுக்குள் மூக்கை நுழைக்கிறோம். கம்ப்யூட்டர் ஓட்டும் கார் வளைவின் நடுவில் நாம் எதிர்பார்ப்பதைவிட மெதுவாகப் போகும். பின் பம்பரில் ஒரு தட்டு, போனஸ் போச்சு. வளைவில் ஒரு கார் நீள இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள். வெளியே வந்ததும் நேர்பாதையில் அதன் காற்று மறைவில் ஒட்டிப்போய் முந்துங்கள். 12 லேப் இருக்கிறது, முதல் லேப்பில் மூன்று பேரை முந்தினாலே போதும்.

இன்னொரு விஷயம் பெட்ரோல். ஃப்யூவல் மேப் 1 என்றால் முழு பவர், 6 என்றால் அதிக சிக்கனம். காற்று மறைவில் போகும்போது முழு பவர் தேவையில்லை. அந்த நேரத்தில் மேப்பை ஏற்றி வைத்து, முந்தும்போது மட்டும் 1க்கு இறக்குங்கள். இன்ஜின் சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொடும் முன்பே கியர் மாற்றினாலும் பெட்ரோல் மிச்சம்.

ஒரு லட்சம் கிரெடிட் இருக்கிறது. என் காருக்கு முதலில் எதை வாங்குவது? டர்போ போட்டேன், வளைவில் சுற்றிக்கொண்டு நிற்கிறது.
– யாழ்ப்பாணம் வாசகர்

டயர். சந்தேகமே வேண்டாம். பவர் எத்தனை இருந்தாலும் ரோட்டில் இறங்குவது டயர் வழியாகத்தான். காய்ந்த ரோட்டுக்கு கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என மூன்று வகை, ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட். கம்ஃபர்ட் டயரோடு இருக்கும் காருக்கு ஸ்போர்ட்ஸ் சாஃப்ட் போட்டுப் பாருங்கள், பிரேக் பிடிக்கும் இடமே மாறிவிடும்.

அடுத்து எடைக் குறைப்பு. பிரேக், வளைவு, வேகமெடுப்பு, டயர் தேய்மானம் என நான்கிலும் லாபம் தரும் செலவு இது ஒன்றுதான். மூன்றாவதாக, முழுவதும் மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷனும் டிஃபரென்ஷியலும் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிப்பது). முன்சக்கர இழுவைக் கார் வளைவில் திரும்பாமல் நேராகவே போனால் டிஃபரென்ஷியலில் ஆக்சிலரேஷன் அளவைக் குறைத்துப் பாருங்கள். கியர் பாக்ஸ் அதன்பிறகு: அந்த டிராக்கின் மிக நீளமான நேர்பாதையின் கடைசியில் டாப் கியர் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் வேகம் அங்கேயே நிற்கும், தொடவே இல்லையென்றால் கடைசி கியர் வீண்.

டர்போ எல்லாவற்றுக்கும் கடைசி. ஹை ஆர்பிஎம் டர்போ பட்டியலில் பெரிய எண்ணைக் காட்டி மயக்கும். வளைவிலிருந்து கிளம்பும்போது இன்ஜின் கீழ்ச் சுற்றில் இருக்கும், அங்கே அது தூங்கும். திடீரென விழித்து எல்லா இழுவையையும் ஒரே நொடியில் கொட்டும்போதுதான் உங்கள் கார் சுற்றுகிறது. வளைவு நிறைந்த டிராக்குக்கு லோ அல்லது மீடியம் போதும்.

எச்சரிக்கை ஒன்று. போர் அப், ஸ்ட்ரோக் அப் (இரண்டும் இன்ஜின் கொள்ளளவைக் கூட்டுபவை), எடைக் குறைப்பு, பாடி ரிஜிடிட்டி (பாடியை விறைப்பாக்குவது) இவையெல்லாம் போட்டால் போட்டதுதான், கழற்ற முடியாது. திரையிலும் எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. 600 பிபி (என்னவென்று அடுத்த பதிலில்) ரேஸுக்கென வைத்திருக்கும் காரில் இவற்றை எல்லாம் ஏற்றிவிட்டு, பிறகு பவரைக் குறைக்கும் பவர் ரெஸ்ட்ரிக்டரை அதன் அடிமட்டமான 70 சதவீதம் வரை இறக்கியும் 600க்குள் வராமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

நேற்று 599 பிபி காட்டிய கார் இன்று 600ஐத் தாண்டிவிட்டது என்று ரேஸுக்குள் விட மறுக்கிறது. எந்தப் பார்ட்டும் மாற்றவில்லை.
– சிங்கப்பூர் வாசகர்

பிபி என்றதும் பிரஷர் மாத்திரையைத் தேடுபவர்களுக்கு: பெர்ஃபாமன்ஸ் பாயிண்ட். காரின் திறனைச் சொல்லும் எண்.

இடையில் ஜிடி ஆட்டோவுக்கு (கேமில் உள்ள சர்வீஸ் கடை) போய் ஆயில் மாற்றினீர்களா? அதுதான் காரணம். ஓட ஓட ஆயில் கெட்டு இன்ஜின் பவர் கொஞ்சம் இறங்கும், பிபியும் கூடவே இறங்கும். நீங்கள் 599 பார்த்தது பழைய ஆயிலில். புது ஆயில் ஊற்றியதும் இழந்த பவர் திரும்பிவிட்டது. எனவே எப்போதும் முதலில் ஆயில், பிறகு செட்டிங். மிஞ்சும் பிபியைக் குறைக்க ரெஸ்ட்ரிக்டரைத் தொடுங்கள். அது மேல்சுற்று பவரைத்தான் வெட்டும், நடுச்சுற்று இழுவை பெரும்பாலும் தங்கும். எடை ஏற்றும் பேலஸ்ட்டை கடைசி வழியாக வையுங்கள், பாரம் கூடினால் டயரைத் தின்னும்.

ல மான்ஸில் மழை வந்தது. டயர் மாற்ற பிட்டுக்குள் போனால் இன்டர்மீடியட் (லேசான ஈரத்துக்கான) டயரே பட்டியலில் இல்லை!
– திருச்சி வாசகர்

வாங்கியிருந்தால்தானே காட்டும்? டயர் காருக்குக் கார் தனி. ரேஸுக்கு முன்பே ட்யூனிங் ஷாப்பில் அந்தக் காருக்கென இன்டர்மீடியட், 'வெட்' (முழு ஈரத்துக்கானது) இரண்டிலும் ஒவ்வொரு செட் வாங்கி வைக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும், தேய்ந்து தீராது. ஓட்டும்போது திரையின் மூலையில் உள்ள மழை ரேடாரையும் ரோட்டு ஈர அளவையும் கவனியுங்கள். அளவு நடுக்கோட்டைத் தாண்டிய லேப்பிலேயே பிட்டுக்குள் போய்விடுங்கள். 13.6 கி.மீ. சுற்றுப்பாதை அது, ஒரு லேப் தாமதித்தால் நான்கைந்து நிமிடம் வழுக்கிக்கொண்டே வர வேண்டும். கடிகாரத்தில் 30 நிமிடம் தீர்ந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்பை முடித்தாக வேண்டும், அதற்கும் பெட்ரோல் வேண்டும்.

கிரெடிட்டைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாமா?
– சென்னை வாசகர்

அமெரிக்க விலையில் 20 லட்சம் கிரெடிட் 19.99 டாலர். லெஜண்ட் கார்கள் கடையில் 2 கோடியை நெருங்கும் கார்கள் உண்டு. ஒரே ஒரு காருக்கு ஏறக்குறைய 200 டாலர். அந்தக் காசில் இன்னும் இரண்டு கேம் வாங்கிப் போடுங்கள்.

தினசரி ரூலெட் (சுழல் சக்கரப் பரிசு) டிக்கெட்டில் எப்போதும் குறைந்த பரிசே விழுகிறதே?
– நாகர்கோவில் வாசகர்

எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு நாளில் 42 கி.மீ. ஓட்டினால் டிக்கெட் வரும், டோக்கியோ ரேஸ் ஒன்றிலேயே அது நிறைந்துவிடும். அதற்கென்று தனியாக ஓட்டாதீர்கள்.