அமெரிக்கத் தென்மாநிலச் சமையல் யாருடையது?

பொரித்த கோழி, மக்காச்சோள ரொட்டி, கம்போ என்ற கெட்டியான குழம்பு எல்லாம் ஐரோப்பியர் கொண்டுவந்த சமையலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பங்குதான் அவர்களுடையது. பன்றியும் கோதுமையும் அவர்களோடு வந்தன. மக்காச்சோளம் பூர்வகுடிகளின் பயிர். சாம்பல் கரைத்த நீரில் அதை வேகவைத்துத் தோல் நீக்கும் முறையும் அவர்களுடையதே.

ஆனால் பண்ணை வீடுகளின் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். என்னைக் கேட்டால், இந்தச் சமையலின் உயிர் அவர்கள்தான். வெண்டைக்காயும் தட்டைப்பயறும் (ஆமாம், நம் வீட்டில் சமைக்கிற அதேதான்) ஆப்பிரிக்காவிலிருந்து போனவை. தென் கரோலினாவின் நெல் வயல்களை உருவாக்கியதும் மேற்கு ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் வேளாண் அறிவும்தான். தட்டைப்பயறு, சோறு, உப்பிட்ட பன்றிக்கறி சேர்ந்த ‘ஹாப்பின் ஜான்’ அங்கே பிறந்தது. புத்தாண்டு அன்று அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்று இன்றும் நம்புகிறார்கள்.

அப்புறம் கீரை. முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த கொல்லார்ட் கீரையைப் பன்றி எலும்போடு நெடுநேரம் வேகவிடுவார்கள். அந்தச் சாற்றைக் கொட்டமாட்டார்கள். மக்காச்சோள ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பண்ணையில் அளந்து தந்த அரைகுறை உணவில் வாழ்ந்த அடிமைகளுக்கு அந்தச் சாறு பெரிய சத்து.

இவ்வளவு செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் ஓர் அரிய விதிவிலக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாய்மொழியாகச் சொன்ன சமையல் குறிப்புகள் 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் புத்தகமாக வெளிவந்தன.